பதினாலும் இருபத்தேழும்

பதினாலாம் விண்ணப்பத்தைப் படித்து முடித்த பேராசிரியை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணுக்குக் குடுக்கலைன்னா நாம எதுக்கு சார் உட்கார்ந்திருக்கோம்?"

இரண்டு மாத ஆய்வகப் பயிற்சிக்குப் பல்கலைக்கழகம் தரும் உதவித்தொகையில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. பாரபட்சம் கூடாதென்று பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு எண் மட்டும் போடச் சொன்னதே அவர்தான்.

அதற்குப் போட்டியாக மிஞ்சியிருந்தது இருபத்தேழு. 'மாலையில் பிறருக்கு எழுதித் தந்து படிக்கிறேன். உதவித்தொகை இல்லாவிட்டால் பயிற்சிக்குப் போக இயலாது.' அவ்வளவுதான். மீதிப் பக்கம் முழுக்க வெள்ளை.

"இதுவும் கஷ்டப்படுற பிள்ளையாத்தான் தெரியுது..." என்று இழுத்தார் துறைத் தலைவர்.

"வருமானச் சான்று எல்லார்கிட்டயும் இருக்கு சார். படிச்சா மனசுல நிக்க வேண்டாமா?"

பதினாலு தேறியது.

பட்டியல் ஒட்டிய மறுநாள் ஒரு மாணவி அறை வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்தவளாகத் தெரியவில்லை. "என் நம்பர் இருபத்தேழு மேடம். எதுல குறைஞ்சதுன்னு சொன்னீங்கன்னா அடுத்த வருஷம் சரி பண்ணிக்குவேன்."

பேராசிரியைக்கு மனசு கேட்கவில்லை. உட்காரச் சொன்னார்.

"கஷ்டம் இருந்தா மட்டும் போதாதும்மா, அதைச் சொல்லத் தெரியணும். யாரோடதுன்னு கேக்காதே, சும்மா காதுல வாங்கிக்கோ." பதினாலை எடுத்து, மனசில் நின்ற முதல் பக்கக் கடைசி வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். "ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் என் அம்மா, புறங்கையால்தான் என் கன்னத்தைத் தொடுவார்..."

பக்கம் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிரிப்பதற்குள், தரையைப் பார்த்தபடி அவள் மெல்லச் சொன்னாள்.

"உள்ளங்கை வெடிப்பு எனக்கு உறுத்திவிடுமாம்."

பேராசிரியை பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கத்தின் முதல் வரி, ஓர் எழுத்துப் பிசகாமல் அதுவேதான்.

"இது உனக்கு எப்படி... இந்தப் பொண்ணு உனக்குத் தெரிஞ்சவளா?"

"ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் மேடம். எனக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டிவிட்டா. அதுக்குப் பதிலா எழுதிக் குடுத்தேன். ஒரே கதையை ரெண்டு பேரும் எழுத முடியாதில்லையா?"

அவள் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்குள் தள்ளினாள்.

"அது எங்க அம்மா, மேடம்."