கால்மாட்டு மணல்

மூடி எழும்பும்போது கிறீச்சென்று அழுதது. முத்துக்குமாரு கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திக் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். கிறீசுக்கு எங்கே போவது? பொருளாதாரத் தடையில் சவர்க்காரத்துக்கே வழியில்லாத யாழ்ப்பாணம்.

மழை விட்டதும் கூடாரவண்டியைத் திறந்து காயவிட வேண்டும். அப்படியே விட்டால் பூஞ்சணம் துணியைத் தின்றுவிடும்.

ஆனால் இன்றைக்குத் திறந்தது துணிக்காக மட்டும் அல்ல.

வேலியடியில் தமக்கை செல்வநாயகி நின்றாள். குருக்களிடம் நாள் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். போன மாதம் மனைவி ஞானாம்பிகையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்றே குருக்கள் கேட்டுவிட்டார், மகனுக்கும் செய்துவிடுவோமா என்று. வண்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் முத்துக்குமாரு. மணல் கிடக்காவிட்டால் அந்தியேட்டி. அதுதான் பேச்சு.

வண்டி என்பது இரண்டு சில்லு வைத்த ஒரு பெட்டி. சுற்றினால் மூடி எழும்பும். இழுத்தால் இரண்டு பக்கமும் கட்டில் நீளும். துணி விரிந்து ஒரு வீடாகும். எண்பத்துமூன்றில் மயிலிட்டிக் கடற்கரைக்கு அதை இழுத்துவந்த வெள்ளைக்காரச் சோடி, ஆடிக் கலவரத்தோடு அவரது வளவில் விட்டுவிட்டுப் போனது. வந்து எடுப்பதாகச் சொன்னார்கள். இன்னும் வருகிறார்கள்.

மகன் தில்லைநாதன் அதற்குள் குடியேறிவிட்டான். வலப்பக்கக் கட்டில் அவனுடையது. கடலால் வந்ததும் வராததுமாக ஏறிப் படுப்பான். கால்மாட்டில் எந்நேரமும் மணல். காலைக் கழுவிவிட்டு ஏறச்சொல்லித் தகப்பனுக்கு வாய் உளைந்ததுதான் மிச்சம்.

எண்பத்தாறில் கடலுக்குப் போனவன் வரவில்லை. படகும் வரவில்லை. உடலும் கரையொதுங்கவில்லை.

தொண்ணூறில் ஷெல்லடிக்குள் ஊர் எழும்பியபோது சனம் கதவையும் ஓடுகளையும் கழற்றிக்கொண்டு ஓடியது. இவர் கூடாரவண்டியை ஒரு டிராக்டரில் கொழுவிக்கொண்டு புத்தூருக்கு வந்து சேர்ந்தார். வழி நெடுகச் சனம் சிரித்தது. புத்தூரில் கொட்டில் ஒழுகியபோதும் அதற்குள் ஒருவரையும் படுக்க விடவில்லை. வண்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த முதல் மாரி கழிந்து திறந்தபோதுதான் கண்டார். வலப்பக்கக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பிடி மணல்.

வெள்ளை மணல். புத்தூரில் எங்கே தோண்டினாலும் செம்மண். மயிலிட்டியில் இருப்பது ஆமி. பூட்டின வண்டிக்குள் வேறு யார் வரமுடியும்?

அதற்குப் பிறகு திறந்த நேரமெல்லாம் மணல் கிடந்தது. அவர் அதைக் கூட்டித் தள்ளுவார். வாய் காலைக் கழுவச்சொல்லி முணுமுணுக்கும். கண் கலங்கும். பிள்ளை வந்து படுத்துவிட்டுப் போகிறான், அவனுக்கு எப்படி அந்தியேட்டி செய்வது?

ஞானாம்பிகை ஒருநாளும் நம்பவில்லை.

“உது எறும்பு காவின மண். பிள்ளை போயிட்டான். அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்து அனுப்புங்கோ.”

பெற்றவளுக்கு இப்படியும் ஒரு நெஞ்சா என்று அவருக்கு ஆறவேயில்லை. கடைசிவரை அந்தக் கோபம் இருந்தது. காய்ச்சலில் மருந்தில்லாமல் அவள் கிடந்தபோதும் கொஞ்சம் இருந்தது.

முத்துக்குமாரு தடுப்பைப் பிடித்து வண்டிக்குள் ஏறினார். முழங்கால் வலித்தது. முந்தி என்றால் துணியும் தேங்காய்த் தும்பும் எடுத்துத்தர அவள்தான் முதலில் ஏறுவாள்.

வலப்பக்கக் கட்டிலைப் பார்த்தார். கால்மாடு துப்புரவாகக் கிடந்தது.

உள்ளங்கையால் தடவினார். மெத்தையின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். ஒரு பருக்கை மணல்கூட இல்லை.

பிறகு, ஏதோ வேலை இருக்கிறவர்போல, மூலையில் படர்ந்திருந்த பூஞ்சணத்தைத் தும்பால் தேய்க்கத் தொடங்கினார். அது போகவில்லை. கொஞ்சம் சலவைச் சோடா இருந்தால் போகும்.

இடப்பக்கக் கட்டிலின் கீழே சாமான் பெட்டி. அது அவளுடைய இடம், அவர் கைவைத்ததில்லை. கந்தல் துணிகள், கூடாரத் துணியின் சிப்புக்குப் பூசுகிற மெழுகுதிரித் துண்டுகள், அடியில் மூடி இறுக்கிய ஒரு பால்மாத் தகரப் பேணி. சோடாவாக்கும் என்று நெம்பித் திறந்தார்.

வெள்ளை மணல். இடையிடையே சிப்பித் துணுக்கு. பேணியில் அரைவாசி முடிந்திருந்தது.

எல்லோரும் கதவையும் ஓடுகளையும் காவிக்கொண்டு ஓடிய அன்று அவள் இதை அள்ளியிருக்கிறாள்.

அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவரிடம் அதை வாயால் சொல்ல அவளால் முடிந்தது. கையால் முடியவில்லை.

முத்துக்குமாரு கட்டில் விளிம்பில் இருந்தார். ஏழு வருடமாகக் கடலை நினைத்து அழுதவர், இப்போது ஒரு பேணியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

வெளியே செல்வநாயகிக்குப் பொறுமை போய்விட்டது. “என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்லை? மணல் கிடக்கோ?”

அவர் ஒரு பிடி எடுத்தார். வலப்பக்கக் கட்டிலின் கால்மாட்டில், அது வழமையாகக் கிடக்கும் இடத்தில் தூவினார்.

“ஓம் அக்கா, கிடக்கு. குருக்களை மறிச்சுவிடுங்கோ.”

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவது கேட்டது.

ஞானாம்பிகை ஒருநாளும் படகில் ஏறினவள் அல்ல. அவளை எரித்ததும், காடாற்றியதும், அந்தியேட்டி முடித்ததும் அவர்தான்.

இருந்தும் இடப்பக்கக் கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு பிடி தூவினார். பிறகு மூடியை இறக்கி வண்டியைப் பூட்டினார்.