ஐயாவுக்கு ஒரு படம்

"மங்கலா இருக்கு," என்றாள் லம்துவான்.

விச்சியன் லென்ஸை லேசாகத் திருகினான். "இப்போ?"

"இப்பவும்தான்."

மேகாங் ஆற்றுக் காற்றில் வெள்ளைத் திரை உப்பித் தணிந்தது. திரைக்கு எதிரே ஊர்க் காவல் தெய்வமான ஐயாவின் சின்னக் கோயில். இரண்டுக்கும் நடுவே நான்கு சிவப்பு நாற்காலிகள், காலியாக. ஐயாவும் அவர் கூட்டமும் உட்காரும் இடம். மனிதர்கள் உட்காரக் கூடாது. ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் அவித்த முட்டை, ஒட்டரிசிச் சோறு, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா.

வேண்டியது நடந்துவிட்டால் ஐயாவுக்கு ஒரு படம். அதுதான் வழக்கம். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கோணலாகவே ஓட்டிவிட்டுப் போகிற படக்காரர்களும் உண்டு. விச்சியன் அப்படியில்லை.

இன்றைக்குத்தான் அவனுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. காரணம், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தோங் மாமா.

"லம்துவானை அரிசி ஆலைக்காரருக்குக் கேட்டு வந்தாங்களாம் தம்பி," என்று மதியமே சொல்லிவிட்டார். "அதான் படம் போடுறா. தனிக்கட்டைக்கு வேற என்ன வேண்டுதல் இருக்கப்போவுது?"

விச்சியன் அப்போது திரைக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்தக் கம்பு வெகுநேரம் நேராக நிற்கவில்லை.

மூன்று வருடமாக, இந்தக் கோயிலுக்குப் படம் போட வரும்போதெல்லாம், எதிரே அவள் கடையில்தான் நூடுல்ஸ் சாப்பிடுவான். "ஒரு கிண்ணம். காரம் கம்மி." அவ்வளவுதான் பேச்சு. சொல்ல வேண்டிய இன்னொரு வாக்கியம் ஒவ்வொரு தடவையும் கூடவே வரும். கிண்ணம் காலியானதும் கூடவே திரும்பிப் போகும். இன்றைக்குச் சொல்லியே விடுவது என்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தான்.

இனி எதற்கு? ஆனாலும் இது அவள் படம். நன்றாக விழ வேண்டும்.

"மேல அகலமா, கீழ ஒல்லியா தெரியுதே," என்றாள். "தோங் மாமா மாதிரி."

"காது கேக்குதும்மா எனக்கு!" என்றார் கோயில் வாசலிலிருந்து மாமா.

"மெஷின் தாழ்வா இருந்து அண்ணாந்து பார்த்தா அப்படித்தான் விழும்," என்றான் விச்சியன். மேசைக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தான். "லென்ஸ் திரையோட நடுவுக்கு நேரா நிக்கணும். முதல்ல இடம். அப்புறம் மட்டம். தெளிவு கடைசியாத்தான். அதை முதல்லயே திருகினா, ராத்திரி பூரா திருகிட்டே இருக்க வேண்டியதுதான்."

"உங்களுக்கு இவ்வளவு பேச வருமா?"

"மெஷினைப் பத்தின்னா வரும்."

"வேற எதைப் பத்தி வராது?"

அவன் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த லென்ஸை மறுபடி துடைத்தான். பிறகு கேட்டான்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாது. ஐயாவுக்குப் பிடிக்காது."

"நடந்திருச்சில்ல?"

"நடந்துக்கிட்டிருக்கு."

பெண் பார்த்தாகிவிட்டது போல. "சந்தோஷம்," என்றான் மேசையைப் பார்த்து.

படம் கோணலில்லாமல் விழுந்தது. லென்ஸைத் திருகினான். படப்பெயரின் எழுத்துகள் கூர்மையாக வந்தன.

"மங்கல்," என்றாள்.

"எனக்கு எழுத்து எல்லாம் நல்லாத் தெரியுதும்மா," என்றார் மாமா. "ஊதுபத்தி பாதி எரிஞ்சிருச்சு. ஐயா எழுந்து போயிடப்போறாரு."

"நேத்து என் கடையில உப்பைச் சர்க்கரைன்னு எடுத்துப் போட்டுக்கிட்டவரு நீங்க. பேசாம இருங்க மாமா."

விச்சியனுக்கு வியர்த்தது. இவ்வளவு வருடத்தில் அவன் படத்தை யாரும் மங்கல் என்று சொன்னதில்லை. எந்தக் கோணத்தில் அவளுக்கு அப்படித் தெரிகிறது என்று பார்க்க மேசையைச் சுற்றி வந்தான். காலில் வயர் தட்டியது. பிளக் பிடுங்கிக்கொண்டது. திரை இருண்டது.

குனிந்து புல்லில் பிளக்கைத் தேடினான்.

"இப்போ பரவாயில்லை," என்று தலைக்கு மேலே அவள் குரல் கேட்டது. "ஆனா இன்னும் கொஞ்சம் மங்கல்தான்."

விச்சியன் மெல்ல நிமிர்ந்தான். திரையில் ஒன்றுமே இல்லை. லம்துவான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவனையே பார்த்து நின்றிருந்தாள்.

"லம்துவான்," என்றான். "படம் நின்னு போச்சு."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போடுங்க," என்றாள். "போட்டா சொல்றேன்."

பிளக்கைச் செருகினான். எழுத்துகள் துல்லியமாக வந்து நின்றன. நாற்காலிகளுக்கு மேல் வெளிச்சம் விழுந்தது.

"அரிசி ஆலைக்காரர்...?"

"கேட்டு வந்தாங்க. நூடுல்ஸ்ல காரத்தை அள்ளிப்போட்டு அனுப்பிட்டேன்." அவள் தோளில் கிடந்த கடைத் துண்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "'ஒரு கிண்ணம், காரம் கம்மி'ங்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை இந்த மனுஷன் வாயிலேருந்து வரணும்னு வேண்டிக்கிட்டேன்."

விச்சியன் ஐயாவின் நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தான். "வேண்டுனது நடந்த பிறகுதானே படம் போடுவாங்க?"

"மூணு வருஷமா ஐயா யோசிச்சிட்டே இருந்தாரு," என்றாள் லம்துவான். "படத்தை முன்னாடியே போட்டாத்தானே, அதைப் போட வந்து நீங்க என்கிட்ட பேசுவீங்க?"