தாழிக்குள் ஒரு மூச்சு

அருங்காட்சியகத்தின் கடைசி அறையில், பலகையைப் படித்துவிட்டு அம்மா நிமிரும்போது பக்கத்தில் மகள் இல்லை. இறந்தவர்களை முழங்கால் மடக்கி உட்காரவைத்துப் புதைத்த தாழிகள் என்கிறது பலகை. கீழே, குறுகி உட்கார்ந்த எலும்புக்கூட்டின் படம். "பாப்பா!" குரல் கண்ணாடிப் பேழைகளில் மோதித் திரும்புகிறது. உள்ளே உடைந்த ஓடுகள் எண் ஒட்டப்பட்டு அசையாமல் கிடக்கின்றன. காவலாளி டார்ச்சோடு ஓடி வருகிறார். "வெளியே யாரும் போகலம்மா. நான் வாசல்லயேதான் இருந்தேன்." அறையின் நடுவே, கண்டெடுத்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கும் பெரிய தாழி தரைமட்டத்தில் வாய் திறந்திருக்கிறது. சுற்றிக் கட்டிய கயிறு இன்னும் ஆடுகிறது. விளிம்பில் ஒற்றைச் சின்னச் செருப்பு. அம்மா கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிடுகிறாள். காவலாளிதான் குனிந்து டார்ச்சைக் காட்டுகிறார். படத்தில் இருப்பது போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலை கவிழ்ந்து, ஒரு சின்ன உருவம். "கண்ணம்மா..." என்கிறாள் அம்மா. வெகு நேரம் கழித்துத் தலை நிமிர்கிறது. வெளிச்சத்தில் கண்கள் கூசுகின்றன, உதட்டின் மேல் ஒரு விரல். "விழுந்தப்பகூட நான் சத்தமே போடலம்மா," என்று கிசுகிசுக்கிறது குழந்தை. "இங்க வாயைத் திறந்தா கொன்னுடுவேன்னு நீதானே சொன்னே?"