இரண்டாம் வரிசை வீடு

ரின்ஸ்கா நங்கூரத்தை ஏரிக்குள் விட்டாள். கயிறு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் தளர்ந்தது.

“அக்கா, பாத்து. அடுப்பு மேல போட்டுடப் போறீங்க” என்று பக்கத்துப் படகிலிருந்து ஹார்மன் கத்தினான்.

“அடுப்பு இந்தப் பக்கம்டா. நீதான் என் செவுத்துல இடிச்சுக்கிட்டு நிக்கற. தள்ளிப் போ.”

அவன் துடுப்பை எடுத்துத் தள்ளிப் போனான்.

மதியமாகியும் பனிமூட்டம் கலையவில்லை. அந்த வெளுப்புக்குள் படகுகள் ஒவ்வொன்றாக வந்து இடம் பிடித்தன. ஒன்றில் சாப்பாட்டு மேசை. ஒன்றில் தலை சாய்ந்த நிலைவிளக்கு. இன்னொன்றில் ஜன்னல் இல்லாமல் ஜன்னல் திரை மட்டும் கம்பியில் தொங்கி அசைந்தது.

கரையிலிருந்து பார்த்தால், சுவரில்லாத ஒரு தெரு.

தண்ணீரை வெளியே தள்ளித் தள்ளியே பிழைத்த ஹாலந்துக்காரர்களுக்கு, ஏரியில் மிதக்கும் அந்தக் குடியிருப்பு புதுமையாகத்தான் இருந்தது. ஏரி ஏறினால் வீடும் ஏறும், இறங்கினால் இறங்கும். குளிர்காலத்துக்கான வெப்பத்தைக்கூட ஏரியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

முதல் வரிசை மிதந்தது. ஆட்கள் குடிவந்தார்கள். அதோடு கட்டுமான நிறுவனம் கைகழுவிவிட்டது.

இரண்டாம் வரிசையும் பொதுக்கூடமும் பாலமும் நுழைவாயில் பலகையில் வண்ணப்படமாக நின்றன. வெயிலில் அதுவும் வெளுத்துப்போனது. இரண்டு வரிசையும் இருந்தால்தான் ஏரி வெப்பம் கட்டுப்படியாகுமாம். அதுவரைக்கும் என்று கொண்டுவந்து வைத்த டீசல் இயந்திரம் கரையில் வருடக்கணக்காக இருமிக்கொண்டிருந்தது.

கட்டட அனுமதி இந்த வருடத்தோடு முடிகிறது. அதற்குள் வேலை தொடங்காவிட்டால், இந்தத் தண்ணீர் உல்லாசப் படகுகளுக்குப் போய்விடும்.

மனு, கூட்டம், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவள் அறுபது வயது ரின்ஸ்காதான். முதல் வரிசைக்காரர்கள் சோர்ந்து உட்கார்ந்தபோதெல்லாம் கதவைத் தட்டி எழுப்பினாள். இந்தப் படகு யோசனையும் அவளுடையது.

அவர்கள் கட்டாவிட்டால் என்ன, அந்த இடத்தில் நாம் போய் இருந்துவிடுவோம் என்றாள்.

நிறுவனத்தின் சார்பில் வெர்வே என்ற பெண்மணி வந்தாள். ஹார்மன் அவளை ஏற்றிக்கொண்டு படகு படகாகக் கூட்டிப்போனான். ஒவ்வொருவரும் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். டீசல் நாற்றம். பாலமில்லாமல் சுற்றிப் போகிற வழி. பாதியில் நின்ற ஊரில் யார் வீடு வாங்குவார்கள் என்ற கேள்வி. வெர்வே எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். பல ஊர்களில் திட்டு வாங்கிப் பழகிய தலை.

ரின்ஸ்கா ஒன்றும் கேட்கவில்லை.

“வாங்க. ஷூவைத் துடைச்சுட்டு வாங்க.”

படகின் முன்பக்கம் ஒரு கால்மிதி கிடந்தது. வெர்வே சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

ரின்ஸ்கா குடுவையிலிருந்து காபி ஊற்றினாள். பட்டையும் கிராம்பும் மணக்கிற கேக்கை நறுக்கி, வெண்ணெய் தடவி நீட்டினாள். பிறகு கையை நீட்டி நீட்டிச் சொல்ல ஆரம்பித்தாள். படி இப்படித் திரும்பிக் கீழே இறங்கும். படுக்கையறை பாதி தண்ணீருக்குள். காலையில் கண் விழித்தால் கூரையில் ஏரி வெளிச்சம் நெளியும். மேற்கு ஜன்னலோரம் கணவர் யோரித்தின் நாற்காலி. நெட்டை மனுஷன், காலை நீட்ட இடம் வேண்டும், அதனால் அங்கே அலமாரி வைக்கக் கூடாது.

அவள் கை போன இடமெல்லாம் வெர்வேயின் கண்ணும் போனது. ஒரு நாமக்கோழி பனியிலிருந்து வந்து, சமையலறை வழியாக நீந்தி, மறுபடி பனிக்குள் போனது. அது போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து, பக்கவாட்டில் ஹார்மன் படகுக்குள் கால் வைக்கப் போனாள் வெர்வே.

“அந்தப் பக்கம் செவுரும்மா” என்றாள் ரின்ஸ்கா.

வெர்வே தூக்கிய காலை அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு சுற்றி நடந்து, வாசல் வழியாக இறங்கினாள். ஹார்மன் படகை வாசலுக்குக் கொண்டுவந்தான்.

பொழுது சாயக் கரையில் எல்லோரும் கூடினார்கள். வாக்குக் கொடுக்கிற அதிகாரம் தனக்கு இல்லை என்றாள் வெர்வே. கூட்டம் முனகியது.

“ஆனா ஒண்ணு போய்ச் சொல்வேன். இரண்டாம் வரிசை காலியா இல்ல, அங்க ஆள் குடியிருக்காங்கன்னு சொல்வேன்.”

ஹார்மன் தொப்பியை உயரே வீசினான். அது ஏரியில் போய் விழுந்தது. யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள்.

முதல் வரிசையில் கதவுகள் திறந்தன. விளக்குகள் எரிந்தன. பட்டாணி சூப்பின் வாசனை தண்ணீரைத் தாண்டி வந்தது. டீசல் இயந்திரத்தின் சத்தம்கூட அன்றைக்கு எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது.

ரின்ஸ்கா சாமான்களை சைக்கிள் கூடையில் அடுக்கிக்கொண்டு கரைச் சாலையில் ஏறினாள்.

காரில் ஏறப்போன வெர்வே அவளைப் பார்த்துவிட்டாள். “இந்நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க? வீட்டுக்குப் போகலையா?”

“வீட்டுலேர்ந்துதானே வர்றேன்” என்றாள் ரின்ஸ்கா. “நீங்ககூட வந்து காபி குடிச்சீங்களே.”

ஊரின் மறுபக்கத்தில், தங்கை வீட்டு மாடியறையில் அவள் படுக்கை இருந்தது. இரண்டாம் வரிசையில் அவளைப்போல வீட்டுக்குப் பணம் கட்டிய மற்றவர்கள் அலுத்துப்போய் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். போன குளிர்காலத்தில் யோரித்தும் கண்ணை மூடிவிட்டார்.

அந்த வரிசையில் மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.