காவல்காரன்

"எப்பல்லாம் சர்வர் திணறுதோ, அப்பல்லாம் நீ அதுக்குள்ள இருந்திருக்கே. இதுக்கு என்ன சொல்றே?"

மேனேஜரின் கேள்விக்கு ஆமை உடனே பதில் சொல்லவில்லை. எதற்குமே உடனே பதில் சொல்லாததால்தான் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர்.

"இருந்தேன் சார்."

"என்ன பண்ணினே?"

"பெருசா ஒண்ணும் இல்லை சார்."

"உன் சொந்த வேலை ஏதாவது அதுல ஓட்டறியா? மறைக்காம சொல்லிடு."

ஆமை சுவரில் இருந்த பெரிய திரையைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். இது திருட்டு முழியேதான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார்.

கடைகள், பள்ளிகள், ஒரு பெரிய மருத்துவமனை என்று ஊர்ப்பட்ட பேருடைய இணையதளங்கள் அந்த ஒரு சர்வரில் குடியிருந்தன. கொஞ்ச நாளாக மதியம் ஆனால் போதும், சர்வர் தூக்குகிற வேலைப் பளு, அதான் லோடு, ஏறிவிடும். தளங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல எல்லாம் எழுந்துகொள்ளும். ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, ஒருவருக்கும் புரியவில்லை. மெமரியைக் கூட்டிப் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட தளங்களை வேறு இடத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள். லோடு அசையவில்லை.

நல்லவேளையாக, காவல்காரன் இருந்தான். மேனேஜர் தன் கையாலேயே எழுதிய புரோகிராம் அது. ஒவ்வொரு தளமாகப் போய் 'உயிரோடு இருக்கியா?' என்று விசாரித்து, பெரிய திரையில் பச்சை, சிவப்பு காட்டும். "காவல்காரன் வர்றதுக்கு முன்னாடி இப்படி ஒரு கோளாறு இருக்கறதே நமக்குத் தெரியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பாவம், லோடு ஏறும் களேபரத்தில் காவல்காரனும் தினம் விழுந்துவிடுவான். மறுநாள் காலை மேனேஜர் வந்து முதல் வேலையாக அவனை எழுப்பிவிடுவார்.

"சாயங்காலம் முதலாளி வர்றார். ஆளைப் பிடிச்சுக் கொடுக்கலேன்னா மருத்துவமனைக்காரங்க வேற இடம் பார்த்துக்குவாங்களாம். அவர் வந்ததும் உன் கணக்கை முடிச்சுடறேன். அதுவரைக்கும் ரிசப்ஷன்ல போய் உட்காரு. சர்வர் பக்கமே வராதே."

ஆமை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "மதியம் மட்டும் ஒரே ஒரு தடவை உள்ள போயிட்டு வந்துடறேன் சார்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். "ஒரு தடவையும் கிடையாது" என்றார் மேனேஜர்.

மதியம் வந்தது. ஆமை வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே லோடு ஏறியது.

மேனேஜருக்குத் தலை சுற்றியது. ஆள் வெளியே இருக்கிறான், கோளாறு உள்ளே இருக்கிறது. அதுவும் இந்த முறை இறங்குகிற வழியாகவே தெரியவில்லை. சர்வரை நிறுத்தி, காவல்காரனோடு சேர்த்து மறுபடி கிளப்பினார். எழுந்தது, மூச்சு வாங்கியது, விழுந்தது. திரை முழுக்க சிவப்பு. மருத்துவமனையிலிருந்து போன் மேல் போன்.

அந்த அமளியிலும் வீட்டு ஞாபகம் வந்தது. மனைவிக்குக் காலையிலிருந்து ஜுரம். பல தடவை போன் போட்டு விசாரித்தாயிற்று. மறுபடியும் கூப்பிட்டார். எடுக்கவில்லை. விடாமல் கூப்பிட்டார்.

"எப்படி இருக்கு இப்போ? எடுக்கலேன்னதும் பயந்துட்டேன். அதான் விடாம அடிச்சேன்."

"ஏங்க, கண்ணை மூடினா போன், மூடினா போன். எழுந்து எழுந்து வந்து 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்'னு சொல்லியே எனக்கு ஜுரம் ஏறுது. நீங்க விசாரிக்காம இருந்தாலே நான் பிழைச்சுக்குவேன்."

வைத்துவிட்டாள்.

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பெரிய திரையைப் பார்த்தார். பதில் வரத் தாமதமானால் விடாதே, மறுபடி கேள். அப்போதும் வராவிட்டால் இன்னும் வேகமாகக் கேள். காவல்காரனுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். மதியக் கூட்டத்தில் தளங்கள் கொஞ்சம் தயங்கினால் போதும், இவன் ஒருவனே ஆயிரம் பேராகப் போய் நச்சரிப்பான்.

காவல்காரனை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் லோடு இறங்கியது. மருத்துவமனைத் தளம் எழுந்துகொண்டது.

அப்படியானால் இத்தனை நாளும் காவல்காரன் தானாக விழவில்லை. யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். மேனேஜர் ரிசப்ஷனுக்கு ஓடினார்.

"தினமும் உள்ள வந்தது..."

"அதை நிறுத்தத்தான் சார்."

"ஏன் என்கிட்ட சொல்லலை நீங்க?" காலையில் 'நீ' என்றவர் 'நீங்க'வுக்கு வந்திருந்தது அவருக்கே தெரியவில்லை.

ஆமை வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். "சொல்லணும்னுதான் சார் அன்னைக்கு உங்க ரூமுக்கு வந்தேன். முதலாளியைக் கூட்டிட்டு வந்து அந்தத் திரையைக் காட்டிட்டிருந்தீங்க. இத்தனை வருஷத்துல நீங்க சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். மனசு வரலை சார்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி வந்துவிட்டார்.

"என்ன, ஆளைப் பிடிச்சாச்சா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஆமை முந்திக்கொண்டார். "ஆள் யாரும் இல்லை சார். சர்வர் பழசாயிடுச்சு, அதான்..."

மேனேஜர் அவர் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"சர்வர் நல்லாத்தான் இருக்கு சார். நான் வெச்ச காவல்காரன்தான் திருடன். நிஜக் காவல்காரரைத்தான் காலையிலேர்ந்து வெளியே உட்கார வெச்சிருக்கேன்."