உதட்டுச் சிவப்பு

ஜன்னல் வெயில் முகத்தில் விழ, கனகசபாபதி வாய் திறந்தபடி கட்டிலில் இருக்கிறார். வயிற்றுக்குள் ஏன் இரத்தம் கசிகிறதென்று குழாய் விட்டுப் பார்த்தும் பிடிபடவில்லை. மறுபடியும் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். டொக்டர் தாரிகா அவர் கீழுதட்டுச் சிவப்புப் புள்ளிகள்மேல் சின்னக் கண்ணாடித் துண்டொன்றை வைத்து மெல்ல அழுத்துகிறார். புள்ளிகள் மறைகின்றன. கண்ணாடியை எடுத்ததும் திரும்பவும் சிவக்கின்றன. "உது வெத்திலைக் கறை, பிள்ளை. விட்டிட்டன் எண்டு பொய் சொல்லுறார்" என்கிறாள் மனைவி பத்மாவதி. "கறையெண்டால் மறையாது, அம்மா. இது பரம்பரையாய் வாற வருத்தம். மெல்லிய இரத்தக்குழாயள் புடைச்சு நிக்குது. குடலுக்குள்ளையும் இப்பிடித்தான் இருக்கும், அதுதான் கசியுது. இனி மருந்து குடுக்கலாம்." பத்மாவதிக்குக் கண்ணீர் முட்டுகிறது. இத்தனை வருடமாக அவரது சட்டைப்பையையும் வேட்டி மடியையும் தடவிப் பார்த்துச் சண்டை பிடித்த கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அப்ப, டொக்டர், இனி நான் வெத்திலை போடலாமோ?" என்று கேட்கிறார் அவர். "வாயை மூடுங்கோ பாப்பம்!" என்று அதட்டிக்கொண்டே சேலைத் தலைப்பை எடுக்கிறாள் பத்மாவதி. கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் கறை போகட்டுமென்று அழுத்தித் தேய்த்துவிடுகிற அந்த உதட்டை, இன்று மெதுவாக ஒற்றி எடுக்கிறாள்.