பால் பவுடர் டப்பா

“அடுத்தவன் வீட்டு வைஃபையைத் திருடறதுக்கு இந்த வயசுல இப்படி ஒரு மூளையா?” மொட்டை மாடியில் நின்று கத்தினார் குடியிருப்புச் செயலாளர்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கைப்பிடிச் சுவரில் கட்டியிருந்த பால் பவுடர் டப்பாவை ஒரு விரலால் இம்மியளவு திருப்பினார். டப்பாவின் வாய், மைதானத்துக்கு அப்பால் இருந்த மஞ்சள் கட்டடத்தின் மூன்றாம் மாடியைப் பார்த்தது.

“எந்த வீடுன்னு சொல்லுங்க. நானே போய்ப் போட்டுக் குடுக்கறேன்.”

“திருடல சார். எங்கிட்டயே நெட் இருக்கு.”

“அப்புறம் இந்த டப்பா எதுக்கு? காக்காய்க்குப் பால் ஊத்தவா? சாயங்காலத்துக்குள்ள கழட்டிடணும். நாளைக்கு மாடிக் கதவுப் பூட்டை மாத்தப் போறேன்.”

செயலாளர் தடதடவென்று படியிறங்கிப் போனார். மெக்கானிக் சொன்னது சத்தியம். அவர் யாருடைய சிக்னலையும் இழுக்கவில்லை, தன்னுடையதை அனுப்பிக்கொண்டிருந்தார்.

மஞ்சள் கட்டடத்தில் இருப்பவள் அவருடைய ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன், அம்மா போன அந்த வாரமே, “நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க” என்று ஆரம்பித்தவள், “இனிமே உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்று முடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். கோபித்துக்கொண்டு போனவள் என்னவோ கூப்பிடு தூரத்தில்தான் வீடு பிடித்தாள். ஆனால் இருவரும் ஒரு நாள்கூடக் கூப்பிட்டுக்கொள்ளவில்லை. பிடிவாதத்தில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு.

தொழிலில் மிஞ்சிய செம்புக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, டப்பாவுக்குள் பற்றவைத்து, அதை ஆன்டெனாவாக்கி, ஒயரைத் தன் வீட்டு ரூட்டரில் சொருகியது அதன் பிறகுதான். பழைய பாஸ்வேர்டு அவள் போனில் இன்னும் இருந்தது. தினமும் ஏழு மணி வாக்கில், ரூட்டரில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் ‘வாலு’ என்று ஒரு பெயர் முளைக்கும். சின்ன வயதில் மகளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர், அவள் போனுக்கும் அதே பெயர்.

“வந்துட்டா” என்று ஆளில்லாத கூடத்திடம் சொல்லிவிட்டுத்தான் தட்டைக் கழுவுவார், சாப்பிடுவார்.

அவள் ஜன்னலில் அவளுடைய சொந்த இணைப்பின் கறுப்பு ஒயர் தொங்குவது இங்கிருந்தே தெரியும். இவருடைய சிக்னலில் அவள் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. போன் பழைய பழக்கத்தில் தானாக ஒட்டிக்கொள்கிறது, பாவம், அவளுக்குத் தெரியவே தெரியாது என்று இவர் நினைத்திருந்தார்.

ஆறு மணிக்கு டப்பாவைக் கழற்றினார். கூடத்தில் உட்கார்ந்து போனையே பார்த்தார். ஏழு அடித்தது, ஏழேகால் ஆனது. பட்டியலில் அவர் போன் மட்டும் ஒண்டிக்கட்டையாக நின்றது.

இனி அவள் வீடு திரும்பினாளா இல்லையா என்று யாரைக் கேட்பது? மனைவி போன அன்றுகூட இவ்வளவு தனியாக அவர் உணர்ந்ததில்லை. பசிக்கவும் இல்லை.

யாரோ கதவை இடித்தார்கள். செயலாளர் சரிபார்க்க வந்துவிட்டார் போலிருக்கிறது.

“கழட்டிட்டேன் சார், கழட்டிட்டேன்!” என்று சலித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

மகள் நின்றிருந்தாள். காலில் ஜோடி மாறிய செருப்பு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உள்ளே பாய்ந்து அவர் நெற்றியைத் தொட்டாள், தோளைப் பிடித்து உலுக்கினாள், தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“என்னம்மா, என்ன ஆச்சு?” மெக்கானிக் குழறினார்.

“உங்க வைஃபை வரலன்னதும் எனக்கு உயிரே போயிடுச்சுப்பா!”